அறுத்த முனைகள்

நான் கடலோரத்திலிருந்து கொண்டுவந்த கோணிப்பையைக் கண்டக்டர் செருப்புக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாமா இது, கருவாடா?"

"இல்லைங்க. மரக்கட்டை."

"மரம் எங்கனா இப்படி நாறுமா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லி முடிக்க அரைமணி நேரம் பிடிக்கும் பதில். பின்னால் ஏழெட்டுப் பேர் ஏறக் காத்திருந்தார்கள். "ஈரமா இருக்குதுங்க, அதான்" என்றேன். அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னை உள்ளேயும் பையைக் கூரை மேலேயும் அனுப்பினார்.

பஸ் நகர்ந்ததும் மேலிருந்து சொட்ட ஆரம்பித்தது. மூன்றாவது சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கையை வெளியே நீட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் "தூறல் போடுது" என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பக்கத்திலிருந்தவரும் கையை நீட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். மழைக்கு ஏங்கிக் கிடந்த வருஷம் அது. தூறலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பைக்குள் இருந்தது ஒரு முழ நீளத் துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கட்டை. உள்ளே அது கட்டையே இல்லை. அதை அப்படி ஆக்கியது கடலில் வாழும் ஒரு புழு. அந்தப் புழுவுக்கு வழி திறந்துவிட்டவள் நான். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை என் முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அண்ணாமலையார் மலை தெரியும். பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நானும்தான். அன்றைக்கு இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

கடல் இல்லாத ஊரில் கடல் வேலை

திருவண்ணாமலையில் என்ன கடல் வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் உறவினர் எல்லோரும் கேட்டார்கள்.

வேங்கிக்காலில் இன்றைக்கு அரசு அலுவலகங்களும் மாடி வீடுகளும் இருக்கும் பக்கம், எழுபதுகளின் கடைசியில் கல்லும் சப்பாத்திக்கள்ளியும்தான். அங்கே கவுஸ் பாய்க்கு ஒரு மர டிப்போ இருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து ஏலத்தில் வரும் மரங்களை எடுத்து அறுத்துக் கொடுப்பார். அதோடு அவரிடம், படுக்க வைத்த ரயில் பெட்டி போல ஓர் இரும்பு உருளை இருந்தது. மரத்தை அதற்குள் தள்ளி மூடி, காற்றை உறிஞ்சிவிட்டு, கறுப்பெண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். தண்டவாளக் கட்டைகளில் அடிக்குமே, அதே நெடி. எண்ணெய் மரத்துக்குள் இரண்டு விரல் ஆழம் இறங்கும். அப்புறம் கறையான் வராது, மழையில் மக்காது.

மின்கம்பங்களுக்காக வாங்கிப் போட்ட உருளை அது. பிறகு சிமெண்டுக் கம்பங்கள் வந்துவிட்டன. உருளை சும்மா கிடந்தது. அப்போதுதான் கடலோரத்தில் ஒரு மீனவர் ஊருக்கு மரத்தில் படகுத்துறை கட்டப் போகிறார்கள் என்று தெரிந்து, பாய் ஒப்பந்தம் எடுத்தார். கட்டும் இலாகா ஒரு நிபந்தனை போட்டது. சோதனைக் கட்டைகளைக் கடலில் தொங்கவிட்டு, நாலு மாசத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து அறிக்கை தர, விலங்கியல் படித்த ஒருவர் வேண்டும்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் விலங்கியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். அப்பா என்னை டிப்போவுக்கு அழைத்துப் போனார்.

"கடலப் பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார் பாய்.

"ஒரு தடவைங்க. காலேஜ்ல மகாபலிபுரம் இட்டுனு போனாங்க."

"நான் அதுவும் பாத்ததில்ல" என்றார். "சரி, திங்கக்கிழமை வந்துடு."

டிப்போவில் நான் ஒருத்திதான் பெண். உருளையைப் பார்த்துக்கொண்ட முனுசாமி என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார். படித்த பெண் என்றால் டீச்சர்தான். திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அந்த நெடிக்கு ஒரு ரசிகரும் இருந்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், முன்பு கப்பலில் வேலை பார்த்தவராம். வேலூர் ரோட்டில் சைக்கிளில் போனவர் நெடி பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். உட்காரலாமா என்று சைகையில் கேட்டு, உருளைக்கு எதிரே ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் தினமும் வந்தார். முனுசாமி உருளைக்குப் பொட்டு வைக்கலாமா என்று யோசித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

புழு பார்க்கிற பெண்

கடலில் ஒரு கட்டையை இறக்கினால் பத்து நாளில் அதன்மேல் குடித்தனம் தொடங்கிவிடும். முதலில் வழவழப்பாக ஒரு பாசி. பிறகு சின்னச் சின்னச் சிப்பிகள், சுண்ணாம்புக் கூடுகள். இவை வெளியே ஒட்டிக்கொள்கிறவை. கட்டை கனக்கும், அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆபத்தானது கப்பல் புழு. அது குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலை அளவு. அந்த அளவில் ஓர் ஓட்டை போட்டு உள்ளே போகும். உள்ளே போனபின் வெளியே வராது. மரத்தைத் தின்று தின்று விரல் பருமன், முழ நீளம் வளரும். போகிற வழியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போகும். ஒன்றோடு ஒன்று மோதாது. பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடாத அளவுக்கு ஒழுக்கம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த ஊசித் துவாரம்கூடக் கண்ணில் படாது. ஒருநாள் கட்டை முறியும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்.

கறுப்பெண்ணெய் ஏறிய மரத்தில் புழுவின் குஞ்சு இறங்காது. எண்ணெய் ஏறாத இடம் ஒரு விரற்கடை இருந்தால் போதும், அங்கே இறங்கிவிடும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "மரக் கம்பெனில ஆபீசரா இருக்கா" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, அங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்டார். "புழு பாக்கறதுங்க" என்றேன். கேசரியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மா மூன்று நாள் கேட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தீபத்துக்கு முந்தின நாள்

படகுத்துறை என்பது கடலில் அடித்த தூண்கள், மேலே பலகை. தூண்கள் ஆடாமல் இருக்க, தண்ணீருக்கு அடியில் ஒரு தூணுக்கும் இன்னொரு தூணுக்கும் குறுக்கே கட்டைகளைப் போல்ட்டுப் போட்டு முடுக்குவார்கள். குறுக்குக் கட்டை போனால் தூண் தனியாள்.

தூண்களை முன்பே அனுப்பிவிட்டோம். குறுக்குக் கட்டைகளை எண்ணெய் ஏற்றி முடித்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. பாய் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போயிருந்தார். "நீ பாத்து அனுப்பிடும்மா" என்று என்னிடம் விட்டுப் போனார். கடலோரத்தில் கூலியாட்கள் காத்திருந்தார்கள். அனுப்ப வேண்டிய நாள் தீபத்துக்கு முந்தின நாள்.

வேங்கிக்காலிலிருந்து செஞ்சி ரோட்டைப் பிடிக்க ஊருக்குள் போயாக வேண்டும். ஊர் முழுக்க ஜனம். லாரியை நிறுத்திய போலீஸ்காரர் பின்னால் வந்து பார்த்தார். கட்டைகள் லாரிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன.

"சிவப்புத் துணி கட்டியிருக்கோங்க" என்றார் முனுசாமி.

"துணி இருந்தா இன்னா, கூட்டத்துல எவன் கண்ணுலயாவது குத்தும். உள்ள அடங்கற லோடு மட்டும்தான் வுடுவோம். இல்ல, மூணு நாள் கழிச்சி எடுத்துனு போங்க."

லாரி டிப்போவுக்குத் திரும்பியது. கட்டைகளின் ஒரு முனையில் போல்ட்டுத் துளைக்கு அப்பால் இரண்டு முழம் மிச்சம் விட்டிருந்தோம். அதில் ஒரு முழத்தை அறுத்துவிட்டால் லாரிக்குள் அடங்கும். நீளத்தில் ஒரு குறையும் வராது.

"அறுத்துடுங்க" என்றேன்.

முனுசாமி ஒரு கட்டையை அறுத்தார். அறுத்த முகத்தில் ஓரமெல்லாம் கறுப்பு வளையம். நடுவில் வெள்ளை மரம்.

"டீச்சரம்மா, வெள்ளையாத் தெரியுதே."

"எண்ணெய் பூசிடுங்க. ரெண்டு கை."

"பூசினா மேலாலதானே நிக்கும்."

"ரெண்டு கை பூசுங்க" என்றேன்.

அவர் சொன்னது எனக்கும் தெரியும். மூன்று நாள் காத்திருக்கலாம், அல்லது அறுத்த பிறகு மறுபடி உருளையில் ஏற்றலாம். இரண்டையும் செய்யவில்லை. சொன்ன தேதியில் சரக்கு போய்ச் சேர்ந்தது என்று பாயிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆம்பூரிலிருந்து அவர் திரும்பி வந்தபோது அப்படியே சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். அறுத்ததைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். கேட்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

தேசிங்கு

அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேல் நாலு மாசத்துக்கு ஒரு முறை அந்த ஊருக்குப் போய்வந்தேன். சோதனைக் கட்டைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தருகிறவர் தேசிங்கு. நாற்பது வயதிருக்கும். மீன்பிடிப்பவர், மூச்சடக்கி முங்குவதில் அந்த ஊரில் பெயர் பெற்றவர். என் கட்டைகள் ஒவ்வொரு முறையும் அருமையாக இருந்தன. சிப்பியைச் சுரண்டிவிட்டால் உள்ளே புதுசு. "புழு இல்லை" என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். என் சோதனைக் கட்டைகளை நான் அறுத்திருக்கவில்லை.

அந்தத் தடவை தேசிங்கு கட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, தண்ணீரிலேயே நின்றார்.

"உன் கட்ட நல்லாத்தான் கீதும்மா. எங்க கட்டைய யாரு பாக்கறது?"

"எந்தக் கட்டைண்ணா?"

"கீழ குறுக்கால போட்டிருக்கில்ல. முனையில கை வெச்சா பொறை ரொட்டி மாதிரி உதிருது."

சிறு ரம்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு முங்கினார். நாலைந்து முறை மேலே வந்து மூச்சு வாங்கினார். கடைசியில் முழ நீளத் துண்டோடு வந்தார். படியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு மூலை உடைந்து வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குழல்கள். துளையில் போல்ட்டு பிடித்துக்கொண்டிருந்தது வெறும் தோலை.

"எல்லாத்துலயும் இப்படியா?"

"எல்லாத்துலயும் ஒரு முனை. இன்னொரு முனை கல்லு மாதிரி கீது. அதான் புரியல."

எனக்குப் புரிந்தது.

மேலே மீன்கூடைகளோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பலகை லேசாக ஆடியது. அது ஆடுவதாகவே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. மாசி மகத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார். அன்றைக்குச் சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் கடலுக்கு வரும். பார்க்க வரும் ஜனத்துக்கு அந்தப் படகுத்துறைதான் மேடை.

துண்டைக் கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாய் கேட்டது

டிப்போ மேசையின் மேல் துண்டை வைத்தபோது பாய் மூக்கைப் பொத்தவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தீபம், போலீஸ்காரர், ரம்பம், இரண்டு கை எண்ணெய், வரப்போகிற மாசி மகம். முனுசாமி வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுத்தது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் பாய்.

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்கு. முனுசாமிக்கு. டிரைவருக்கு" என்றேன்.

"மகத்தன்னிக்கி அங்க கூட்டம் ஜாஸ்தியா இருக்குமா?"

"எண்ண முடியாதுங்களாம்."

தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போனார். அந்த அரைமணியில் முனுசாமி என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நானும்தான்மா அறுத்தேன்."

பாய் திரும்பி வந்து கார் சாவியை எடுத்தார். "காலைல அஞ்சு மணிக்கு ரெடியா இரு. உங்கப்பாவையும் வரச் சொல்லு, தனியா இட்டுனு போனா நல்லா இருக்காது."

மறுநாள் அந்த அம்பாசடரில் நாங்கள் மூவரும் துண்டும். அப்பா வழியெல்லாம் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

இலாகா பொறியாளர் துண்டைப் பார்க்க விரும்பவில்லை. கட்டி முடிந்தது, திருப்தி என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். தப்பு எங்களுடையது என்று எழுதித் தருகிறேன், மகம் முடியும்வரை துறையை மூடிவிடுங்கள் என்றார் பாய்.

"பாய், நீங்க வியாபாரி. தப்பு எங்களுதுன்னு எவனாவது எழுதித் தருவானா? மகம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"முடியறதுக்கு முன்னாடி பாத்துட்டா நல்லதுங்க" என்றார் பாய்.

"மூடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதணும்."

"எழுதுங்க சார்."

"பதில் வர ஒரு மாசம் ஆகும்."

வெளியே வந்தோம். பாய் கார்க் கதவைத் திறந்தார். பிறகு, "அந்த ஊர்ப் பெரியவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

மீனவர் ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். தேசிங்கு எங்களை அவரிடம் அழைத்துப் போனார். கோயில் வாசலில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் முன்னால் போனேன். அதற்குள் பாய் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மரம் எங்க டிப்போவுது. முனையில எண்ணெய் ஏறல. தப்பு எங்களுது. மகத்தன்னிக்கி யாரும் மேல ஏறக் கூடாது. அதச் சொல்லத்தான் வந்தோம்."

நாட்டார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மரம் கெட்டுப்போச்சின்னு நீங்களே வந்து சொல்றீங்க."

"ஆமாங்க."

"யாரு செஞ்ச தப்பு?"

"டிப்போ—" என்று பாய் தொடங்கினார்.

"நான்தாங்க அறுக்கச் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் இருந்த ஓர் ஆள் எழுந்து நின்றார். நாட்டார் கையைக் காட்ட, உட்கார்ந்தார். நாட்டார் துண்டை வாங்கி, கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"தேசிங்கு, பழைய வலை எடுத்துனு வா" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் படகுத்துறையின் வாசலில் நாலு சுற்று வலை குறுக்கே கட்டப்பட்டது. அதிகாரம் பற்றி யாரும் பேசவில்லை.

மகம்

மகத்தன்றைக்கு நானும் பாயும் அப்பாவும் மறுபடி போனோம். ஜனம் மணலில் நின்றது. சாமிகள் வந்தன, தீர்த்தவாரி ஆனது, போயின. படகுத்துறை வெறுமையாக, வெயிலில் கம்பீரமாக நின்றது. ஒரு பலகைகூட விழவில்லை. நல்ல இடம் போச்சே என்று ஜனம் எங்களைப் பார்த்து முணுமுணுத்தது. பொறியாளர் குடும்பத்தோடு வந்திருந்தார். பாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"விழலையே" என்றார் அப்பா, காரில். குறை சொல்வது போல இருந்தது.

"விழாதது நல்லதுதானுங்க" என்றார் பாய். அவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

புதுக் கட்டைகளை டிப்போவிலேயே சரியான நீளத்துக்கு அறுத்து, துளை போட்டு, அதற்கப்புறம் எண்ணெய் ஏற்றினோம். பங்குனியில் அவற்றை மாட்டப் போனார்கள். நானும் போயிருந்தேன். நாலு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். தேசிங்கு முங்கி, கடைசித் தூணின் முதல் போல்ட்டைக் கழற்றினார். கழற்றிவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே தூண் சாய்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பலகையோடு அந்தக் கடைசிப் பகுதி முழுவதும், உட்கார இடம் தேடியவர் உட்காருவதுபோல, தண்ணீரில் இறங்கியது. மகத்தன்றைக்கு ஜனம் அதிகம் நெருக்கியிருக்கக் கூடிய இடம் அது. கடல் பக்கம்.

தேசிங்கின் தோளில் ஒரு பலகை உரசியிருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் மணலுக்கு வந்து, கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர்தான். மூன்று தடவை எண்ணினார்கள்.

தேசிங்கு லுங்கியைப் பிழிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதில்ல?"

"நீங்கதான் பாத்துட்டீங்களேண்ணா."

"நான் புழுவத்தான் பாத்தேன். அறுத்தது யாருன்னு புழு சொல்லலியே."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். புதுக் கட்டையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன், எண்ணெய் எரிகிறது என்றேன்.

"அது எரியும்தான்" என்றார். எழுந்து போய், ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.